மூன்றாவது பேரிக்காய்

அப்பா ஒரு சனிக்கிழமை மாலை பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். அவர் பழம் வாங்குகிறவர் அல்ல, பழங்களோடு குடித்தனம் நடத்துகிறவர். குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆப்பிளும் பேரிக்காயும் கூரைவரை அடுக்கிய அறைகளுக்குள் நாள் முழுக்க நடந்துவிட்டு வருகிறவரிடம் ஒரு தட்டில் நாலு துண்டு நறுக்கி நீட்டினால், ஆபீஸ் ஃபைலை நீட்டிய மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் கையில் கூடை. அதன்மேல் பளபளக்கும் கண்ணாடித் தாள், சிவப்பு ரிப்பன்.

"யாருக்குப்பா பொறந்தநாள்?" என்றாள் அக்கா.

"யாரும் தொடக்கூடாது," என்றார் அப்பா.

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லாததால் எல்லோரும் கூடத்துக்கு வந்தோம். அம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். முன்னறையிலிருந்து சித்தப்பா வந்தார். சித்தப்பா அப்பாவின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருக்கிறார். வேலையும் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம், இருவரும் வேறு வேறு தெருவில் தேடுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்து உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டார். வீட்டில் அவருக்குப் பெயர் விஞ்ஞானி.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கிடங்கைப் பெரிய முதலாளி தன் மகனிடம் ஒப்படைத்துவிட்டார். சின்ன முதலாளி நிர்வாகம் படித்தவர். பின்பக்கம் கட்டியிருக்கும் புதுக் கிடங்குக்கு ஒரு மேனேஜர் வேண்டும். போட்டியில் இரண்டு பேர்: ஒருவர் அப்பா, இன்னொருவர் அப்பாவுக்குக் கீழே வேலை கற்ற மஃப்ளர். கொளுத்தும் வெயிலிலும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். யாரைப் போடுவது என்று சின்ன முதலாளி யோசித்து, ஆளுக்கு ஒரு கூடைப் பழம் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டில் ஒரு கூடையைக் காப்பாற்றத் தெரியாதவர் கிடங்கில் நூறு டன்னை எப்படிக் காப்பாற்றுவார் என்பது அவர் கட்சி. அடுத்த சனிக்கிழமை கூடையைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அவர் போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"இது என்ன சின்னப்புள்ள விளையாட்டு?" என்றாள் அம்மா.

"முதலாளி விளையாட்டு," என்றார் அப்பா.

எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம் அந்த முழங்கால்கள். இத்தனை வருஷக் குளிர் அவற்றுக்குள் போய்க் குடியேறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் தேடுவது அடுப்பைத்தான், அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். இன்னும் கொஞ்ச காலம் அந்த அறைகளுக்குள் நடந்தால் அப்புறம் நடப்பதற்கே ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதுக் கிடங்கின் மேனேஜருக்கு வெளியே கண்ணாடி அறை. அதைப் பற்றி அப்பா எங்களிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார். "அங்க வெயில் வருது," என்றார். அப்பா அளவுக்கு அது பெரிய சொற்பொழிவு.

அன்றைக்கு அவரே எல்லாவற்றையும் பிரித்து வைத்தார். வாழைப்பழச் சீப்பை மற்ற பழங்களிலிருந்து தள்ளி, கூடத்து ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டார். ஆப்பிளை ஓட்டை போட்ட பையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ் டிராயரில் வைத்தார். பேரிக்காய் இரண்டும் இன்னொரு பையில், தனியாக. திராட்சைக் கொத்தைக் கழுவாமல் ஈரம் இல்லாத டப்பாவில் மேல் தட்டில் வைத்தார். ஒரே ஒரு மாம்பழம், அது சமையலறை நிழலில் ஒரு தட்டில். முடித்துவிட்டுத் திரும்பவும் சொன்னார், "யாரும் தொடக்கூடாது."

ஏன் வாழைப்பழம் வெளியே, ஆப்பிள் உள்ளே என்று சொல்லவில்லை. அப்பா காரணம் சொல்லும் ரகம் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கும் ரகம் இல்லை.

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்வதில்லை. மனசு நோகுமே. அவர் அந்தப் பக்கம் போனதும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவோம். அக்கா மடித்து வைத்த துணியை அம்மா மறுபடி மடிப்பாள். அம்மா மடித்ததை அக்கா மறுபடி மடிப்பாள். அடுப்பில் கொதிக்கும் எதையும் கடந்துபோகிறவர்கள் ஆளுக்கொரு சிட்டிகை உப்பு போட்டுவிட்டுப் போவார்கள். இதற்கு எங்கள் வீட்டில் பெயர் அன்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழ் டிராயரில் ஆப்பிள் இல்லை. அந்த இடத்தில் வாழைப்பழம் படுத்திருந்தது.

"அம்மா, வாழைப்பழம் ஜன்னல்லதானே இருந்துச்சு?"

"எந்த வாழைப்பழம்?" என்றாள் அம்மா, மெஷினை நிறுத்தாமலே. எங்கள் வீட்டில் வாழைப்பழமே கிடையாது, நான்தான் ஏதோ கனவு கண்டிருக்கிறேன் என்பதுபோல.

நான் திரும்பப் போய்ப் பார்த்தேன். வாழைப்பழம்தான்.

அன்று மதியம் துண்டு எடுக்க பீரோவைத் திறந்தபோது அப்பாவின் ஸ்வெட்டருக்குள் ஆப்பிள்கள் சுருண்டிருந்தன. அக்கா பின்னாலிருந்து கதவை மூடினாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு என்று நம்புகிறவள்.

"பாத்ததை வெளிய சொல்லாத," என்றாள். "ஆப்பிள் ஒரு வாயு விடும்டா. பக்கத்துல இருக்கிற வாழைப்பழம் எல்லாம் சீக்கிரம் பழுத்து வீணாப்போயிரும். யாரோ வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருக்காங்க. அதான் ஆப்பிளை நான் வெளிய எடுத்துட்டேன்."

"அப்ப வாழைப்பழத்தைத் திரும்ப ஜன்னல்ல மாட்டிரலாமே?"

"அம்மா வெச்சிருந்தா? மனசு கஷ்டப்படாதா?"

அம்மாவின் மனசுக்காக ஆப்பிள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டது.

சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் டப்பில் திராட்சைக் கொத்தை மல்லாக்கப் போட்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தோடு வினிகர் தண்ணீரை மேலே வார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அப்பா கழுவாம வெச்சிருந்தாரு."

"உங்கப்பாவுக்கு மொத்த வியாபாரம்தான்டா தெரியும். சில்லறை தெரியாது," என்றார். "கிருமி எல்லாம் செத்துரும். அண்ணன்கிட்ட சொல்லாத, பாவம், சங்கடப்படும்."

"நல்லாக் காய வெக்கணுமே?"

"வீடியோ அதுக்கு முன்னாடியே முடிஞ்சுருச்சு," என்றார்.

ஈரத் திராட்சை டப்பாவுக்குள் போனது. மூடி இறுக்கமாக மூடப்பட்டது. அன்றைக்கே மாம்பழத்தையும் காணவில்லை. அது அரிசி டிரம்முக்குள் கழுத்துவரை புதைந்திருந்ததை அடுத்த நாள் அக்காதான் கண்டுபிடித்தாள். அரிசிக்குள் வைத்தால் மாம்பழம் இன்னும் வேகமாகப் பழுக்கும், அது பழுக்கவைக்கிற வழி, பாதுகாக்கிற வழி இல்லை என்று எனக்கு விளக்கினாள். சித்தப்பாவுக்கு விளக்கவில்லை. எடுத்து நனைந்த துணியில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அதை அம்மா பார்த்து, ஐயோ பாவம் நனைகிறதே என்று, துணியை மாற்றி அரிசிக்குள்ளேயே திரும்பப் புதைத்தாள்.

அந்த வாரம் முழுக்க எந்தப் பழமும் நான் பார்த்த இடத்தில் இரண்டாவது முறை இருக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கே ஒரு மாதிரி இருந்தது. காலையில் டிராயரில் இருந்த ஆப்பிள் மாலையில் செருப்பு வைக்கும் தட்டில் செய்தித்தாளுக்குள் இருந்தது. வாழைப்பழக் காம்புகளுக்கு அம்மா தன் தையல் துண்டில் தொப்பி தைத்துப் போட்டிருந்தாள், மறுநாள் அதே தொப்பி பேரிக்காய் தலையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நான் படிப்பது காலேஜா அல்லது என்னைக் காலேஜில் விட்டுவிட்டு வீடுதான் எங்கோ படிக்கப் போயிருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

அப்பா மட்டும் எதையும் பார்க்கவில்லை. காலையில் போகும்போது ஜன்னல் கொக்கியைப் பார்ப்பார், வாழைப்பழம் அங்கே தொங்கும். ஏனென்றால் அவர் பல் தேய்க்கும் நேரத்தில் அம்மா அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டுவிடுவாள். அவர் படியிறங்கியதும் திரும்ப உள்ளே போகும். வாழைப்பழம் தினமும் வேலைக்குப் போய்வருகிற மாதிரி போய்வந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் பேரிக்காய் விவகாரம் நடந்தது.

காலேஜிலிருந்து பசியோடு வந்தேன். டிராயரில் இரண்டு பேரிக்காய். ஒன்றின் இடுப்பில் லேசான கறுப்பு. கெடப்போகிற பழம் பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும் என்பது அக்காவே சொன்னது. எனவே அதை அப்புறப்படுத்தினேன். அப்புறப்படுத்தும் முறை வாய் வழியாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சின்ன முதலாளியின் போட்டோ ஞாபகம் வந்தது. உடனே தெருமுனைப் பழக்கடைக்குப் போனேன்.

பழக்காரர் என்னைப் பார்த்ததும், "உங்க வீட்ல யாருக்கு தம்பி உடம்பு முடியல?" என்றார்.

"அப்பாவுக்கு முழங்கால் வலி."

"முழங்காலுக்கா இவ்வளவு பழம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு பேரிக்காய். அதே நிறம், அதே உயரம் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து டிராயரைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு இருந்தன. என் கையில் இருந்ததையும் வைத்தேன். மூன்று.

நான் ஒன்றைச் சாப்பிட்டேன் என்பது உறுதி. வாயில் இன்னும் அதன் வாசனை இருந்தது. மூன்றாவது பேரிக்காய் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். யோசிப்பதைவிடச் சரிசெய்வது சுலபம் என்று தோன்றியது, எனவே இன்னொன்றைச் சாப்பிட்டேன். இப்போது இரண்டு. நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை திறந்தால் மூன்று.

கழிக்கக் கழிக்கக் கூடும் பழத்தை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் முதலாவது பேரிக்காயிலிருந்து சொல்ல வேண்டும். கேட்கவில்லை. நான் பேரிக்காய் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா கூடத்து மேஜையில் வெறும் கூடையை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தார். டிராயருக்குள் சற்று நேரம் பார்த்தார். மூடினார். ஜன்னல் கொக்கியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது, அவர் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார்.

"எடுத்துட்டு வாங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

அம்மா சமையலறைக்குப் போனாள். அக்கா பீரோவுக்குப் போனாள். சித்தப்பா தன் கட்டிலுக்கு அடியில் புகுந்தார். நான் டிராயரைத் திறந்தேன். திரும்பி வந்து மேஜைமேல் வைத்ததும் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பழங்களைப் பார்த்தோம்.

வாழைப்பழம் இரண்டு சீப்பு. ஒன்று கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது, இன்னொன்று மஞ்சள் பூசிய மாதிரி மின்னியது. திராட்சை இரண்டு கொத்து. ஒன்றைத் தூக்கினால் ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி வாசனை. ஆப்பிள் வந்ததைப்போல இரண்டு மடங்கு. பேரிக்காய் மூன்று. ஒரே ஒரு மாம்பழமாக வந்தது இரண்டாகப் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தது.

"குட்டி போட்டிருக்கு," என்றார் சித்தப்பா.

அப்பா அடுக்கிப் பார்த்தார். கூடை கொள்ளவில்லை.

"நல்லதுதானே?" என்றாள் அம்மா மெல்ல. "கெட்டதைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதை மட்டும் கொண்டுபோங்க."

அப்பா அவளைப் பார்த்தார். கிடங்கைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசாதவர் அன்றைக்குப் பேசினார்.

"குறைஞ்சா ஒண்ணுமில்ல. கெட்டுப்போச்சுன்னு எழுதலாம், எலி தின்னுச்சுன்னு எழுதலாம், கீழ விழுந்துச்சுன்னு எழுதலாம். கூடினா என்ன எழுதறது? ஒரு ரூம்ல ஒரு பெட்டி கூடிருந்தா, இன்னொரு ரூம்ல ஒரு பெட்டி யாரோ எடுத்திருக்கான்னு அர்த்தம். எங்க கிடங்குல குறைஞ்சதுக்கு யாரையும் வேலையவிட்டு அனுப்பினதில்ல. கூடினதுக்கு ரெண்டு பேரை அனுப்பியிருக்கோம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதுல வந்த சரக்கு எது?"

எங்களுக்குள் பெரிய விசாரணை நடந்தது. அதில் ஒருவரும் எதையும் ஒப்புக்கொள்ளாமலே எல்லோரும் சாட்சி சொன்னார்கள்.

"கறுத்த வாழைப்பழம் நம்மளோடதுதான்," என்றாள் அம்மா. "எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெரியும்."

"வினிகர் வாசனை வர்ற கொத்து ஒரிஜினல்ணே," என்றார் சித்தப்பா. "பாத்தாலே தெரியுது."

"பாத்தா எப்படித் தெரியும்? மோந்தாத்தான் தெரியும்," என்றாள் அக்கா.

"உனக்கு எல்லாத்துக்கும் டெஸ்ட் வேணும். ஆப்பிள்ல எது ஒரிஜினல், அதைச் சொல்லு பாப்போம்."

"சுருங்கினது. ஸ்வெட்டர் நூல் ஒட்டியிருக்கிறது."

"ஸ்வெட்டர் நூலா?" என்றார் அப்பா.

"ஏதோ நூல்," என்றாள் அக்கா.

கடைசியில் தேறியது இதுதான்: எது கெட்டுப்போயிருந்ததோ அது நிச்சயமாக எங்களுடையது. எது நன்றாக இருந்ததோ அது நிச்சயமாக எங்களுடையது இல்லை. பேரிக்காயைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். மூன்றில் எதுவும் நமதாக இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு என்றேன். அது என்னால் முடிந்த அளவு நேர்மையான பதில்.

அப்பா கறுத்ததையும் சுருங்கியதையும் கூடையில் அடுக்கினார், மிச்சத்தை ஒரு துணிப்பையில் போட்டார். இருக்கும் சரக்கை இல்லை என்று சொல்ல அவருக்குப் பழக்கம் இல்லை. சனிக்கிழமை காலை ஒரு கையில் கூடை, ஒரு கையில் பை, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து படியிறங்கினார்.

மாலையில் வெறுங்கையோடு வந்தார். அடுப்புப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க சொன்னாரு?" என்றாள் அம்மா.

"பாத்தாரு," என்றார் அப்பா.

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எதைப் பற்றியோ தீராத யோசனையில் இருந்தார். தைலத்தை முழங்காலில் தேய்ப்பதற்குப் பதில் உள்ளங்கையிலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் வேலை போய்விட்டது. மஃப்ளர் கண்ணாடி அறைக்குள் உட்காருவார், அப்பா குளிருக்குள் நடப்பார். எங்களால்.

திங்கட்கிழமை நான் காலேஜுக்குக் கிளம்பிக் கிடங்குக்குப் போனேன். சின்ன முதலாளியைப் பார்த்து, எல்லாம் நான்தான் செய்தேன், அப்பா பாவம் என்று சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். அலுவலகத்துக்கு வெளியே வருகிறவர்கள் உட்காரும் நீளமான பெஞ்சு. பக்கத்தில் கனமான பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும் கதவு, அதற்குப் பின்னால் குளிர். பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பை.

"இந்தப் பக்கம் நூல் வாங்க வந்தேன்," என்றாள்.

"கிடங்குலயா?"

"உன் காலேஜ் இங்கயா இருக்கு?"

நான் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அக்கா வெள்ளைக் கோட்டோடு வேகமாக வந்து, எங்களைப் பார்த்து நின்று, எதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தப்பா எங்கே என்று நினைத்தபோதே கண்ணாடித் தடுப்புக்குள் அவர் தெரிந்தார். சின்ன முதலாளி முன்னால் நின்றுகொண்டு, ஒரு கையால் எதையோ தாங்கிப் பிடித்து, மறு கையால் தண்ணீர் வார்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். திராட்சைக் குளியல்.

கதவைத் திறந்துகொண்டு சின்ன முதலாளி வெளியே வந்தார். பின்னாலேயே சித்தப்பாவும் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். "நீங்கல்லாம்?" என்றார்.

"சார், இவரு சொல்றதை நம்பாதீங்க," என்றாள் அம்மா எழுந்து. "வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் கறுக்கவிட்டது நான்தான். அவர் தொங்கத்தான் விட்டாரு. பயந்துபோய் வேற சீப்பு வாங்கினேன். அவர்மேல தப்பு இல்ல."

"அப்ப ஆப்பிளை மாத்தினது நீ இல்லையா?" என்றாள் அக்கா.

"நான் ஏன்டி ஆப்பிளை மாத்தணும்? அந்தச் சீப்பு போக மாம்பழம் ஒண்ணுதான் வாங்கினேன்."

"ஆப்பிளும் மாம்பழமும் வாங்கினது நானு அண்ணி," என்றார் சித்தப்பா.

"அப்ப நான் வாங்கின மாம்பழம்?"

"அதுதான் நான் சாப்பிட்டேன்," என்றார் சித்தப்பா. "கூடுதலா இருந்துச்சேன்னு."

"பேரிக்காய்?" என்றேன் நான்.

"ஒண்ணு குறைஞ்சிருந்துச்சு, வாங்கி வெச்சேன்," என்றாள் அக்கா.

"குறைஞ்சதை நானும் பாத்தேன், ராத்திரி ஒண்ணு வாங்கியாந்து வெச்சேன்," என்றார் சித்தப்பா.

மூன்றாவது பேரிக்காய்க்கு அப்பன் யார் என்று ஒருவழியாகத் தெரிந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள உகந்த இடம் அது இல்லை.

சின்ன முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் கண் கலங்கிய மாதிரி இருந்தது. "அதாவது, யாரும் யார்கிட்டயும் பேசல. நாலு பேரும் நஷ்டத்தைத் தானாவே கவனிச்சு, தானாவே ஈடு பண்ணியிருக்கீங்க. இதைப் படிக்கத்தான் நான் ரெண்டு வருஷம் காலேஜ்ல உக்காந்திருந்தேன். அவர் கூடையையும் பையையும் வெச்சுட்டு, சார் கூடிப்போச்சுன்னாரு. எங்கப்பா காலத்துலேருந்து எல்லாரும் கெட்டுப்போச்சு, குறைஞ்சுபோச்சுன்னுதான் வந்து நின்னிருக்காங்க. கூடிப்போச்சுன்னு ஒருத்தர் வந்து நின்னது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமையே சொல்லிட்டேனே, புது ஸ்டோர் அவருக்குத்தான்னு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

பிளாஸ்டிக் பட்டைகள் விலகின. அப்பா வெளியே வந்தார். குளிரிலிருந்து வந்ததால் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. அவருக்குப் பெஞ்சில் நாலு மங்கலான உருவங்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். உருவங்கள் மாறவில்லை.

"ஏங்க எங்ககிட்ட சொல்லல?" என்றாள் அம்மா.

"எனக்கே புரியல," என்றார் அப்பா. "புரிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

அவருக்குப் பின்னாலேயே மஃப்ளர் வந்து நின்றிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஒல்லியான, பணிவான ஆள். கழுத்துத் துணியை ஒரு சுற்று அவிழ்த்துவிட்டு, "சார், என் கூடையில என்ன சார் குறை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"குறையே இல்லையே," என்றார் சின்ன முதலாளி. "போட்டோல இருந்த மாதிரியே இருந்துச்சு. அதான்."

"அதான்னா, சார்?"

உள்ளே போன் அடித்தது. சின்ன முதலாளி போய்விட்டார். மஃப்ளர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வேலை கிடைத்தவர் மாதிரி இல்லை, யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டவர் மாதிரி நின்றார்.

"எப்படிடா வெச்சிருந்தே?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதாண்ணே. வாழைப்பழம் கொக்கியில, ஆப்பிள் தனியா, திராட்சை கழுவாம."

"ஒரு வாரமும் அப்படியேவா இருந்துச்சு?"

"வெச்ச எடத்துலயே இருந்துச்சுண்ணே. வீட்ல வேற யாரு இருக்கா, எடுத்து மாத்த?"

சரக்கு இருப்பைச் சொல்லும் குரலில்தான் சொன்னார். இருந்தாலும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார். அப்பா மஃப்ளரைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் வரிசையாக இருந்த எங்களைப் பார்த்தார்.

"இதுல ரெண்டு பேரை வேணா கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

மஃப்ளர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டே வந்து, புதிதாக வந்திறங்கிய பெட்டிகளைப் பார்க்கிற மாதிரி அம்மாவில் ஆரம்பித்து வரிசையாகப் பார்த்தார். சித்தப்பாவிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். என்னிடம் வந்தபோது நான் ஏன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன் என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேண்ணே," என்றார்.